மூன்று எழுத்து

"ஒரு பெயரை அழிக்க எட்டாயிரம்," என்றார் ஜனக்புரி தோல் டாக்டர் ருக்மிணி.

"மூணே எழுத்துதானே மேடம், அஞ்சாயிரம் போடுங்க," என்று பேரம் பேசினான் வெங்கி. அவன் மனைவி ப்ரீதாவின் கையில் 'நரேன்' என்ற டாட்டூ சிவந்து வீங்கியிருந்தது. "அவன் போயி ரெண்டு வருஷமாச்சு. இன்னும் இவ கையை விடமாட்டேங்கிறான்."

பொறாமைக்கார மனுஷன் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

"மேக்ரோபேஜ்னு காவல் செல்கள் மையை விழுங்கிப் பிடிச்சு வெச்சிருக்கு. ஒண்ணு செத்தா அடுத்தது வாங்கிக்கும். இப்போ எதுவோ சீண்டிடுச்சு, துணைக்கு ஆள் கூப்பிட்டுச் சண்டை போடுது. அதான் வீக்கம்."

ப்ரீதா கையை இழுத்துக்கொண்டாள்.

"செத்தாலும் கைமாத்தி வெச்சுக்குதா? அப்போ அழிக்க வேண்டாம் மேடம். பெத்தவ நானே விட்டுடறதா?"

வீக்கத்துக்குக் களிம்பு மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

கணக்குப் பார்த்தால் எட்டாயிரம் ரூபாய் மிச்சம். மகனில் மிச்சம், மூன்று எழுத்து.