மூன்றாம் நாள் பட்டியல்

நோரா எதையோ மறைக்கிறாள் என்று சுதீருக்குத் தெரிந்துவிட்டது.

"பேப்பர் கிடைக்கல. இன்னைக்கு லிஸ்ட் படிக்க முடியாது" என்று கம்ப்யூட்டர் திரையில் எழுதியிருந்தாள்.

இரண்டே நிமிஷம் முன்னால், "பேப்பர் வாங்கிட்டேன். இன்னைக்கு கன்டோன்மென்ட் ஏரியா லிஸ்ட்" என்று எழுதியவளும் அவளேதான்.

நாலு மணி காபி நேரத்தில், பெங்களூரின் நாலு மூலையில் இருக்கும் ஆபீஸ்களிலிருந்து நாலு பேர் யாஹூ சாட்டில் கூடுவார்கள். சுதீர், நோரா, தியோடர், தேசிகன். வேலை எக்கேடு கெட்டால் என்ன, நாட்டு நடப்பை அலசியாக வேண்டும்!

இந்த வாரம் வீட்டுமனை ஊழல். வருஷக்கணக்காக வரிசையில் காத்திருந்தவர்களை விட்டுவிட்டு, மந்திரியின் சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவர்களுக்கு மனை ஒதுக்கியிருந்தார்கள். அப்படி வாங்கியவர்களின் பெயர்களை ஒரு கன்னடச் சாயங்காலப் பத்திரிகை ஏரியா ஏரியாவாக வெளியிட்டுக்கொண்டிருந்தது. இன்று மூன்றாம் நாள்.

சுதீர் பிறந்து வளர்ந்தது எல்லாம் இதே ஊர்தான். கன்னடம் பேசுவது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்தைக் காட்டினால் மட்டும் திருதிருவென்று விழிப்பான். தியோடரும் தேசிகனும் அதே ரகம். பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்தவள் நோரா ஒருத்திதான். அவள் பெயர்களைப் படித்து இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பாள். மற்ற மூவரும் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள்.

"திருட்டுக் கூட்டம். இவங்க பேரையெல்லாம் நடுரோட்டுல போர்டு எழுதி மாட்டணும்" என்று நேற்று எழுதியவன் சுதீர்.

இப்போது கேட்டான்: "வாங்கின பேப்பர் எங்க போச்சு, நோரா?"

"காபி கொட்டிடுச்சு."

"முதல்ல கிடைக்கலன்னே. இப்ப காபியா?"

சுதீருக்கு மனசு குறுகுறுத்தது.

"கன்டோன்மென்ட்னா உங்க விவேக் நகரும் சேர்த்திதானே? தெரிஞ்சவங்க பேர் வந்திருக்கா?"

"விடேன் சுதீர். கிரிக்கெட் பேசலாம்."

கிரிக்கெட் என்றாலே கொட்டாவி விடுகிறவள் நோரா. அவனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது.

"மடியில கனமில்லன்னா வழியில பயம் எதுக்கு? படி!" என்றான்.

தேசிகனும் சேர்ந்துகொண்டான். "ஊரார் பேருன்னா மளமளன்னு அடிச்சே. இப்ப கை வலிக்குதா?"

நோரா எழுதினாள்: "சரி. எனக்கு வேண்டியவங்க பேர் இருக்கு. போதுமா?"

"அப்ப ரெண்டு நாளா எங்களோட சேர்ந்து திட்டினதெல்லாம் வேஷமா?" என்று கேட்டான் தியோடர்.

நோரா பெயருக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் முகம் அணைந்தது. போய்விட்டாள்.

சுதீருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. தியோடரையும் தேசிகனையும் அவன் நேரில் பார்த்ததே கிடையாது. நோரா அப்படியில்லை. முன்பு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர்கள். தீபாவளிக்கு அவன் வீட்டில்தான் அவளுக்குச் சாப்பாடு. அவளா இப்படி?

ஆனால் வருத்தத்தைவிட ஆர்வம் பெரிது. அது யாராக இருக்கும்?

"ஏழு மணிக்கு எல்லாரும் வாங்க. நானே பேப்பரோட வர்றேன்" என்று எழுதினான்.

சொன்னபடி ஏழு மணிக்கு அல்சூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு, பத்திரிகையை விரித்தார் கடைக்காரர் ரங்கப்பா.

"ஓஸ்வால்ட்னு பேர் இருக்கா பாருங்க, அண்ணா." நோராவின் அப்பா பெயர் அது.

ரங்கப்பா மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். "இல்ல சார்."

"விவேக் நகர் ஆள் வேற யாராவது?"

"விவேக் நகர்ல ஒருத்தரும் இல்லியே!"

பிறகு எதற்கு அந்தப் பெண் அத்தனை பேச்சு வாங்கினாள்? சுதீருக்குப் புரியவில்லை.

"எல்லாத்தையும் வரிசையா படிங்க. நான் அடிக்கிறேன்."

ரங்கப்பா படிக்கப் படிக்க, ஒவ்வொரு பெயராகத் திரையில் ஏறியது. ஐந்து பெயர்கள் போயின.

"ஸ்ரீகண்டன். ரிடயர்டு அண்டர் செக்ரட்டரி. மூணாவது கிராஸ், அல்சூர்."

சுதீரின் விரல்கள் நின்றன.

"இன்னொரு தடவை படிங்க."

ரங்கப்பா வீட்டு நம்பரையும் சேர்த்து நிதானமாகப் படித்தார்.

"என்னடா நின்னுட்டே? நோராவோட ஆள் அகப்பட்டாரா?" என்று கேட்டான் தியோடர்.

"பேரைச் சொல்லு. நாளைக்கு இருக்கு அவளுக்கு" என்றான் தேசிகன்.

'ஆமா' என்று அடித்தால் போதும். நோராவே ஒப்புக்கொண்ட விஷயம், இனி யார் தோண்டப் போகிறார்கள்? சுதீருக்கு வெட்கமாக இருந்தது. ரங்கப்பா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி வேணுமா சார்?" என்றார்.

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அடித்தான்: "ஸ்ரீகண்டன், அல்சூர்."

"யாரது? நோராவுக்கு மாமாவா?" என்றான் தியோடர்.

"இல்ல. எங்க அப்பா."