கொல்லாப் பட்டு

“எத்தினி பேரு செத்திருந்தாலும் இது காட்டிக் குடுத்துடும்” என்று விஜயா சொன்னதும், பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

கடைக்காரர் மாணிக்கவாசகம், விஜயா கொண்டுவந்திருந்த ஐஸ் பெட்டியை முறைத்தார். பெரிய காஞ்சிபுரத்தில் முப்பது வருஷமாகப் பட்டு விற்கிறார். ஐஸ் பெட்டியோடு யாரும் கடைக்கு வந்ததில்லை.

“செத்தது மனுஷங்க இல்ல, அங்கிள். புழு” என்றான் விஜயாவின் மகன் பிரவீன், சங்கடத்தோடு. சென்னையில் ஆராய்ச்சி மாணவன்.

அவர்கள் சமணக் குடும்பம். புழுவைக் கொதிநீரில் போட்டு எடுக்கிற பட்டை அந்த வீட்டில் யாரும் உடுத்தியதில்லை. மகள் நிரஞ்சனாவோ, பட்டு இல்லாமல் மணையில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள்.

“பூச்சி கூட்டை ஓட்டை போட்டுக்கினு பறந்து போனப்புறம் எடுத்த நூலும்மா இது. ஏகாம்பரநாதர் மேல சத்தியம்!” என்றார் மாணிக்கவாசகம்.

“சாமிய எதுக்கு இழுக்குறீங்க? மருந்து சொல்லட்டும்.”

பிரவீன் பெட்டியிலிருந்து சுண்டுவிரல் நுனி அளவுக் குப்பி ஒன்றை எடுத்தான். அதன் மேல் குட்டியாக ஒரு முயல் படம். நூல் பொட்டலத்தில் மயில் மார்க் மாதிரி இதுவும் ஏதோ மார்க் என்று மாணிக்கவாசகம் நினைத்துக்கொண்டார்.

“செல்லு சாகும்போது ஒரு புரோட்டீன் உடையும், அங்கிள். இந்த ஆன்டிபாடி அதைத் தேடிப் போயி ஒட்டிக்கும். மேல இன்னொரு மருந்து விட்டா பழுப்பா கலர் வரும். ஆனா அம்மா, இது செல்லுக்குத்தான், சேலைக்கு இல்ல. எத்தினி தடவ சொல்றது?”

“நீ ஊத்துடா!”

நாலு இழை வெட்டித் தரச் சொன்னான் பிரவீன். “வெட்டினா புடவை மூளியாயிடும் தம்பி. குஞ்சத்து மேலயே விடு” என்றார் மாணிக்கவாசகம். பழுப்பு வந்துவிட்டால் இந்தப் புடவை மட்டுமல்ல, இதே பட்டு வாங்க முடிவுக்காக ஊரில் காத்திருக்கும் விஜயாவின் சொந்தக்காரர்கள் பதினோரு பேரும் கைவிட்டுப் போவார்கள்.

பிரவீன் இரண்டு மருந்தையும் விட்டு ஒரு மணி நேரம் ஆயிற்று. குஞ்சம் அதே தந்த நிறத்தில் பளபளத்தது.

விஜயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்கம்மா கட்டல, அவங்கம்மா கட்டல. எம்பொண்ணு கட்டப் போறா. ஒரு உசுருக்கும் நோவு இல்லாத புடவை!” என்று ஈரக் குஞ்சத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “சீக்கிரம் கட்டிக் குடுங்க. பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போயி சாப்பிடணும்.”

மாணிக்கவாசகம் அட்டைப்பெட்டியைத் தேடினார். சந்தோஷம் வந்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

“இவ்ளோ கில்லாடி மருந்தா இருக்குதே! எந்த மூலிகையிலருந்து எடுக்குறாங்க தம்பி?”

பிரவீன் அம்மாவைப் பார்த்தான். பொய்யே சொல்லக்கூடாது என்று வளர்த்தவளும் அதே அம்மாதான்.

“முயல் ரத்தத்துலருந்து, அங்கிள்.”