எல்லைப் பலகைக்கு ஒரு சொல்

சாயங்கால வெயில் ஊர்மன்ற மேசைமேல் சரிந்து கிடக்கிறது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் அந்தச் சிற்றூரின் எல்லைப் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே, இது நாட்டின் வடக்கா தெற்கா, என்ன எழுதுவது என்று ஒரு மணி நேரமாக வாக்குவாதம் நடக்கிறது. "நாம வடக்குதான்யா. உள்நாட்டுப் போர்ல அடிமை முறைக்காகச் சண்டை போட்ட தெக்கோட சேராம, வடக்கோட நின்ன மாநிலம் இது," என்கிறார் தலைவர் லேடன். "மாநிலத்தை ரெண்டாப் பிரிக்கிற கால்வாய்க்குத் தெக்கே பொறந்துட்டு வடக்காம்! வடக்கே பட்டணத்துல இருக்குற வில்மிங்டன்காரன் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பான்," என்று யாரோ சீண்ட, அறையே சிரிக்கிறது. கடைசி வரிசையில் இருக்கும் வெர்டெல் பர்னலுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுபத்தெட்டு வயது மூதாட்டி. கறுத்த, மெலிந்த விரல்கள் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடுகின்றன. முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுகிறார். "லேடன் தம்பி, எங்க வீட்டுக்கு எதுத்தாப்புலயே ஒரு ஸ்கூல் இருந்துச்சு. வெள்ளைக்காரப் புள்ளைங்களுக்கு மட்டும். நான் அதைத் தாண்டி தினம் பன்னண்டு மைல் போய்ப் படிச்சேன். அப்ப இது வடக்கா, தெக்கா?" வெளியே சோயா வயலில் அறுவடை இயந்திரம் உறுமுவது இப்போதுதான் எல்லார் காதிலும் விழுகிறது. "அப்ப என்னதான் எழுதச் சொல்றீங்கம்மா?" லேடனின் குரல் இறங்கியிருக்கிறது. "ஊர்ப் பேரை மட்டும் எழுதுங்க. மிச்சத்தை யாராவது கேட்டா, என் வீட்டுக்கு அனுப்பி வைங்க." அவர் உட்காரவில்லை, பதிலுக்காக நின்றுகொண்டே இருக்கிறார்.