பின்னால் நகர்ந்த வரிசை

"போன வாரம் ஒண்ணு. இந்த வாரம் ரெண்டு. இது எப்படி மேடம்?"

ராய் ஹென்ஷா இரண்டு கடிதங்களையும் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் தள்ளினான். கூரியர் வேனை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தான்.

கல்வி மாவட்ட அலுவலகத்தின் சேர்க்கைப் பிரிவு. கவுன்டருக்குள் இருந்தவளின் பெயர் லோரெட்டா என்று சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது. கடிதங்களைப் பார்த்தாள். கணினியைப் பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கு சார். உங்க பொண்ணு டெஸ்ஸா, ஆறாம் வகுப்பு, காத்திருப்புப் பட்டியல்ல ரெண்டாவது."

"அதான் கேக்கறேன். குலுக்கல் முடிஞ்சு ஒரு மாசமாச்சு. வரிசைன்னா முன்னால போகும். இல்லேன்னா நிக்கும். பின்னால போற வரிசையை இப்பத்தான் பார்க்கறேன்."

அவனுக்குப் பின்னால் நின்ற பெண் சிரித்தாள். "என் பையன் வேற பள்ளிக்கூடத்துப் பட்டியல்ல எட்டாவது இடத்துல இருந்து பத்துக்குப் போனான். நீங்க குடுத்து வெச்சவர்."

"குலுக்கலுக்கு அப்புறம் வந்த விண்ணப்பமா இருந்தாலும், முன்னுரிமை இருந்தா மேல ஏறும் சார்" என்றாள் லோரெட்டா.

"என்ன முன்னுரிமை? அண்ணனோ அக்காவோ அங்க படிக்கறாங்களா?"

"அதை நான் சொல்ல முடியாது."

"பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீடா?"

"அதையும் சொல்ல முடியாது."

"மேயருக்குச் சொந்தமா?"

"அதுக்கு முன்னுரிமை இல்லை சார்."

விதிமுறைத் தாள் ஒன்றைத் தடுப்புக்கு அடியில் நீட்டினாள். ராய் விரலை வைத்துப் படித்தான். அங்கே படிப்பவர்களின் தம்பி தங்கைகள். நிலையான வீடில்லாத பிள்ளைகள். ஒரு மைலுக்குள் இருப்பவர்கள். கடைசியில், மற்ற எல்லோரும்.

டெஸ்ஸா 'மற்ற எல்லோரும்'. இத்தனை நாளும் அவளை முதல் ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"நிலையான வீடில்லாதன்னா?"

"மோட்டல். கார். தெரிஞ்சவங்க வீட்டு சோபா."

"இதை யாரு வேணும்னாலும் சொல்லிக்கலாமே. நாளைக்கு நானும் வேன்ல படுத்துக்கிட்டா என் பொண்ணு மேல ஏறுவாளா?"

"நிஜமாவே படுக்கற நிலைமை வந்தா ஏறுவா சார். வரக் கூடாதுன்னு வேண்டிக்கங்க."

ராய்க்குக் கோபப்பட ஓர் ஆள் தேவைப்பட்டது. பட்டியலில் ஆட்கள் இல்லை. எண்கள்தான் இருந்தன.

"மேடம், நான் அஞ்சரை மணி வரைக்கும் வண்டி ஓட்டறேன். வீட்டுல வேற யாரும் கிடையாது. அந்த ஒரு பள்ளிக்கூடத்துலதான் பிள்ளைங்களை ஆறு மணி வரைக்கும் வெச்சுக்கறாங்க. இப்பக் குடுத்திருக்கற இடத்துல ரெண்டரைக்கு வெளிய அனுப்பிடுவாங்க. பதினோரு வயசுப் பொண்ணு அதுக்கப்புறம் எங்க போவா?"

"புரியுது சார்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. அந்த விண்ணப்பத்தை வாங்கினது யாரு?"

"நான்தான்."

"சரிபார்த்தது?"

"நான்தான். வெள்ளிக்கிழமை, மூடறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி வந்தது. அன்னிக்கே ஏத்திட்டேன்."

ஆள் கிடைத்துவிட்டாள்.

"பத்து நிமிஷத்துல! போன மாசம் நான் போன்ல கேட்ட சந்தேகத்துக்குப் பதில் சொல்ல உங்களுக்கு மூணு நாள் ஆச்சு. வேண்டியவங்கன்னா பத்து நிமிஷம். புகார்த் தாள் எங்க?"

அதையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். பேனாவையும் கொடுத்தாள். ராய் நின்றுகொண்டே எழுதினான். 'பணியாளர் பாரபட்சம் காட்டுகிறார்' என்பதற்குக் கீழே இரண்டு முறை கோடு இழுத்தான்.

"எழுதுங்க சார், உங்க உரிமை. ஆனா ஒண்ணு சொல்றேன். அங்க ஒவ்வொரு வருஷமும் ரெண்டு இடம் காலியாகும். ரெண்டாவது இடத்துல இருந்தாலும் உங்க பொண்ணுக்குக் கிடைச்சுடும்."

அவன் பேனா நின்றது. "நிச்சயமாவா?"

"பதினோரு வருஷமாப் பார்க்கறேன். ரெண்டுக்குக் குறைஞ்சதில்லை. மூணு ஆனதும் இல்லை."

ராய் குழம்பிப்போனான். அப்படியானால் தனக்கு நஷ்டமில்லை. அப்படியானால் இந்தக் கோபத்தை என்ன செய்வது? பின்னால் நின்ற பெண் வாட்சைப் பார்த்தாள். யோசித்தபோது வேறு ஒரு கணக்கு பிடிபட்டது.

"இருங்க. போன வாரம் ரெண்டாவதா இருந்த பிள்ளை, இப்ப மூணா?"

"ஆமா."

"அதுக்குக் கிடைக்கவே கிடைக்காதா?"

"கிடைக்காது."

"பாருங்க! என் பொண்ணு தப்பிச்சுட்டா. அந்தக் குடும்பத்தோட வயித்துல அடிச்சிருக்கீங்க. அவங்க வந்து உங்களைக் கேக்கலையா?"

"இல்லை."

"அவங்களுக்கு விஷயமே தெரியாது போல. பேரைக் குடுங்க, நான் சொல்றேன். ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டாத்தான் புகாருக்கு வெயிட் இருக்கும். வெள்ளிக்கிழமை நீங்க பண்ணின காரியத்துக்கு அவங்கதான் முதல்ல கையெழுத்துப் போடணும்."

லோரெட்டா புகார்த் தாளை வாங்கித் தேதி முத்திரை குத்தினாள். நகலைக் கிழித்து அவனிடம் நீட்டினாள்.

"மத்தவங்க பிள்ளைங்க பேரை நான் வெளிய சொல்லக் கூடாது சார்" என்றாள். "மூணாவது பேரைச் சொல்லலாம். டாரியஸ். என் பையன்."