அரைக் கட்டை ஏறிய அண்ணன்

கிதாரின் தடித்த தந்தி சுருதியில் அரைக் கட்டை ஏறிவிட்டது. மற்ற ஐவரும் தமக்கு மேலே இருப்பவனைக் கேட்டே சுருதி சேர்பவர்கள். நால்வர் வரிசையாக ஏறினார்கள். கடைசித் தந்தி மயிரிழை. அவன் முறை வந்தது.

"ஏறுடா," என்றான் தடியன்.

"அண்ணே, இன்னும் முறுக்கினா அறுந்துடுவேன். எதிரே ஆர்மோனியத்தைக் கேளுங்க. நீங்கதான் சுருதி கூடி நிக்கிறீங்க."

"மூத்தவன் நானா, ஆர்மோனியமா? ஏறு!"

சின்னவன் ஏறினான். கிறீச்சென்றது. அறுந்துபோக இன்னும் அரைச் சுற்றுதான் பாக்கி.

"இறங்குங்கண்ணே!"

"என்னை இறக்க எவன் இருக்கான்?"

டொக்கென்று ஏதோ நழுவிய சத்தம். தடியன் சரியான சுருதிக்கு இறங்கினான். நால்வரும் அவசரமாகப் பின்னால் இறங்கினார்கள், கடைசியாகச் சின்னவனும்.

இறக்கியது வேறு யாருமில்லை. இத்தனை நேரம் தடியனை முறுக்கி இழுத்துப் பிடித்திருந்த அவனுடைய திருகாணி.