அரை உயிர் மீன்

குளத்தங்கரைக் கொக்குக்கு ஊர்வம்பு என்றால் உயிர். ஒருநாள் எதிர்க்கிளை மீன்கொத்தியைப் பிடித்துக்கொண்டது. "உன் மகனுக்கு இறக்கை முளைச்சு எத்தனை நாளாச்சு! இன்னும் நீயே ஊட்டிக்கிட்டிருக்கியே, வெட்கமா இல்லே?"

"இன்னையோட நிறுத்திட்டேன்" என்றது மீன்கொத்தி.

நிறுத்தியது உண்மைதான். அன்று மகன் ஒன்பது முறை குதித்தான். ஒன்றும் சிக்காமல் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்தான்.

மறுநாள் காலையில் தகப்பன் ஒரு மீனைப் பிடித்து, கிளையில் அடித்து அரை உயிராக்கி, மகன் குதிக்கும் இடத்தில் நைசாகப் போட்டான். கொக்கு பார்த்துவிட்டது.

மகன் பாய்ந்து அதைக் கவ்விவந்தான். "கொக்கு மாமா, பார்த்தீங்களா? நானே பிடிச்சேன்!"

உண்மையைச் சொல்லக் கொக்குக்கு வாய் நமநமவென்றது. தகப்பன் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டது. பத்தே நாளில் மகன் ஓடும் மீனையே பிடித்தான்.

வருஷங்கள் போயின. தகப்பனுக்குக் கண் மங்கியது. எத்தனை முறை பாய்ந்தும் வெறும் அலகோடுதான் திரும்பினான். மகன் கொண்டுவந்த மீனை, "எனக்குப் பசியில்லேப்பா" என்று தள்ளிவிட்டான்.

மறுநாள் அப்பன் குதிக்கும் இடத்தில் அரை உயிரோடு ஒரு மீன் மிதந்தது. அதைப் போட்ட மகன் ஒன்றும் தெரியாதவன்போல் இறகைக் கோதிக்கொண்டிருந்தான்.

தகப்பன் பாய்ந்தான், கவ்வினான். "பார்த்தியா கொக்கே, இன்னும் குறி தப்பலே!"

கொக்கு மகனைப் பார்த்தது. பிறகு தகப்பனைப் பார்த்தது.

"உன் குறி என்னைக்குத் தப்பியிருக்கு!" என்றது.