ஒரே கூட்டுக் குஞ்சுகள்

“ஒண்ணை விட்டு ஒண்ணு இரை எடுக்காது, அதுகளைப் போய்ப் பிரிக்கிறது பாவம் இல்லையா...”

“ஏட்டி, என்னைக் கொஞ்சம் பேச விடு...”

“விட மாட்டேன்! நாளைக்கு வேன் வந்தா நான் கூண்டு வாசல்ல உட்கார்ந்துக்குவேன்.”

சங்கரநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டில்லியில் பறவைகளின் மரபணுவை ஆராய்வது அவர் உத்தியோகம். சைபீரியாவிலிருந்து குளிருக்கு வந்து, யமுனைக் கரையிலுள்ள ஓக்லா சரணாலயத்தில் சிறகொடிந்து அகப்பட்டவை அந்த இரண்டு வெண்நெற்றி வாத்துகள். அருகிக்கொண்டே வரும் இனம். கிட்வாய் நகர் வீட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் அவற்றுக்குத் தீனி போடுகிறவள் அவர் மனைவி கோமதி.

“ரத்தம் சோதிச்சாச்சு. ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்க. சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்தா முட்டை பொரியாது. பொரிச்சாலும் குஞ்சு பத்து நாள் தங்காது. லக்னோவில அந்நிய ரத்தத்துல ஒரு பெட்டை இருக்கு. ஆண் அங்கே போகட்டும்.”

கோமதியின் குரல் இறங்கிவிட்டது. “இதெல்லாம் உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“எம்.எஸ்ஸி. முதல் வருஷமே படிச்சதுதான்” என்றார், ஜெயித்துவிட்ட தெம்பில்.

“அச்சா. அப்பப் பிரிச்சிடுங்க.”

தீனி டப்பாவை மூடி வைத்தவள், அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“எம்.எஸ்ஸி. முடிச்ச மறுவருஷம்தானே என்னைக் கட்டினீங்க? மூணு பிள்ளை பெத்து மூணையும் மண்ணுல வச்சேனே. உங்க கூடப்பிறந்த அக்காதானே எங்கம்மா? ‘உன் மக எனக்கு வேண்டாம்’னு அன்னைக்கு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”